பல வளாகங்கள், ஒரு நூலகம்: எந்த மின்வள உரிமத்தை வாங்குவது?

இரவு பதினொன்றே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கைப்பேசித் திரையில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும். அதற்குக் கீழே, முழுக் கட்டுரைக்கு நாற்பது அமெரிக்க டாலருக்குச் சற்றுக் குறைவான ஒரு விலை. கூடவே ஒரு வரி: "அக்கா, இது நம்ம காலேஜ் வாங்கினதுதானே? எனக்கு மட்டும் ஏன் காசு கேக்குது?"

அனுப்பியவர் எங்கள் கல்லூரியில் பகுதிநேரமாகப் படிக்கும் ஒரு தாதி. மருத்துவமனையில் வேலை முடித்து, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையைத் தாண்டி, மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது அந்த நேரம் ஆகிவிடும். அவருக்குப் படிக்கக் கிடைப்பதே அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரம்தான்.

மறுநாள் காலை, அந்த ஆய்விதழ்த் தளத்துக்கு எங்கள் நூலகம் போட்ட ஒப்பந்தத்தை எடுத்தேன். 'இடம்' என்பதற்கு விளக்கமாக ஒரே ஒரு முகவரி இருந்தது: நகரத்தில் உள்ள எங்கள் பழைய கட்டடம். ஜூரோங்கில் பிறகு திறந்த வளாகம் அதில் இல்லை. பதிவு செய்த மாணவர்கள் வெளியிலிருந்தும் படிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதன் கடைசியில் 'சிங்கப்பூருக்குள்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தளத்துக்கு விற்றவரே கொடுத்த உள்நுழைவு, எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துத்தான் திறக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவருக்குத் திறக்கவில்லை. விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. விலைப் பட்டியலை நாங்கள் பத்து முறை பார்த்தோம்; விளக்கப் பிரிவை ஒரு முறைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

இப்போது அடுத்த ஆண்டுச் சந்தாவுக்கு முடிவெடுக்கும் நேரம். எங்களைப் போன்ற சிறிய, ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் உள்ள கல்லூரிகளின் நூலகர்களுக்கும் பயன்படட்டும் என்று, எங்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். எதை ஒப்பிட்டாலும் முதலில் நான் பார்ப்பது, ஆகத் தள்ளி உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு அது தாங்குமா என்பதைத்தான்.

வளாகத்துக்கு வளாகம் வாங்குவது

அச்சு இதழ்களைக் கட்டடத்துக்கு ஒரு பிரதி என்று வாங்கிய காலத்தின் பழக்கம் இது. ஒவ்வொரு வளாகத்தின் ஐபி முகவரிகளையும் (கணினி எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று காட்டும் எண்கள்) பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டால், அங்கிருக்கும் கணினிகளுக்குத் தளம் தானாகத் திறக்கும்.

வளாகங்கள் வேறு வேறு பாடம் நடத்தினால் இதில் நியாயம் உண்டு. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஊட்ரமில் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளிக்கு நொவீனாவில் வளாகம் உண்டு. மருத்துவர்களுக்கு மட்டும் வேண்டிய ஒரு தரவுத்தளத்துக்குப் பொறியியல் மாணவர்களையும் சேர்த்து எண்ணிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் வளாகங்கள் நகரும். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் முன்பு ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரி வளாகங்களிலும் டோவரிலும் பரவியிருந்தது. 2024 முதல் பொங்கோலில் ஒன்றுகூடியிருக்கிறது. முகவரி வாரியாக உரிமம் வைத்திருக்கும் ஒரு கல்லூரி இப்படி இடம் மாறினால், ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். திருத்தும்போதே விலையையும் திருத்தலாமே என்று எதிர்த்தரப்புக்குத் தோன்றும். பகுதிநேர மாணவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் எங்களைப் போன்ற இடத்துக்கு இது வேண்டவே வேண்டாம். எங்கள் மாணவர்கள் வாரம் இரண்டு மாலை வகுப்புக்கு வருகிறார்கள். மற்ற ஐந்து நாளும் அவர்கள் எந்தக் கட்டடத்திலும் இல்லை.

தலைக் கணக்கு

இரண்டாவது வழி, கட்டடங்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுவது. கல்லூரியில் பதிவு செய்த எல்லாரும், எங்கிருந்தாலும், எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். விலையை 'முழுநேரச் சமன்' என்ற எண்ணை வைத்துப் போடுவார்கள்; பகுதிநேர மாணவர்களை முழுநேர மாணவர் கணக்குக்கு மாற்றி எண்ணுவது அது.

பேரம் நடக்க வேண்டியது இந்த எண்ணில்தான். கணக்குக்கு ஒரு கல்லூரியை வைத்துக்கொள்வோம்: முழுநேர மாணவர் 900 பேர், பகுதிநேர மாணவர் 2,400 பேர். தலையை மட்டும் எண்ணினால் 3,300. இரண்டு பகுதிநேர மாணவரை ஒருவராக எண்ணினால் 2,100. பதிப்பகத்தின் விலைப் படி 2,500-இல் மாறுகிறது என்றால், எப்படி எண்ணுகிறோம் என்பதை வைத்தே நீங்கள் ஒரு படி மேலே ஏறலாம், இறங்கலாம். பதிவேட்டில் இருக்கும் மொத்த எண்ணை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பதிவுத் துறையோடு உட்கார்ந்து, எத்தனை பேர் எத்தனை பாடம் எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சமன் கணக்கைப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். தாதிமைத் தரவுத்தளத்தைத் தாதிமை படிக்கும் 260 பேர்தான் திறக்கப் போகிறார்கள் என்றால், அந்தத் துறையின் எண்ணை வைத்து விலை சொல்லச் சொல்லுங்கள். பல விற்பனையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் தாங்களாக அதைச் சொல்ல மாட்டார்கள்.

தலைக் கணக்கில் எனக்குப் பிடித்தது, ஜொகூரில் இருப்பவரும் ஜூரோங்கில் இருப்பவரும் ஒரே வரிசையில் நிற்பது. பிடிக்காதது, யாரும் தொடாத தளத்துக்கும் எல்லாருடைய பெயரிலும் பணம் போவது. எல்லாத் துறையும் புரட்டும் பெரிய ஆய்விதழ்த் தொகுப்புக்கு இது சரி. நாற்பது பேர் மட்டும் படிக்கும் தளத்துக்கு வீண்.

நாற்காலிக் கணக்கு

ஒரே நேரத்தில் ஐந்து பேர், பத்து பேர் என்று எண்ணிக்கை வைத்து வாங்குவது மூன்றாவது வழி. உள்ளே ஐந்து நாற்காலி போட்டிருப்பது மாதிரி. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டும்.

பல வளாகக் கல்லூரிக்கு இது நாம் நினைப்பதைவிட நன்றாகப் பொருந்துகிறது. முழுநேர மாணவர்கள் பகலில் படிக்கிறார்கள், பகுதிநேர மாணவர்கள் இரவில். ஒரே நாற்காலி இரண்டு முறை வேலை செய்கிறது. சென்னையில் ஒரு வளாகம் இருந்தால் அவர்கள் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். கூட்டம் இன்னும் பரவும். உரிமம் இடத்தைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் எண்ணினால், எத்தனை வளாகம் என்ற பேச்சே வேண்டாம்.

சிக்கல் வருவது ஒப்படைப்பு நாள் வரும்போது. ஞாயிறு நள்ளிரவுக்குள் கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்றால், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எல்லாருமே வாசலில் நிற்பார்கள். அதோடு, வெளியேறு பொத்தானை அழுத்தாமல் உலாவியை மூடிவிட்டுப் போகிறவரின் நாற்காலி, தளம் தானாகக் கழற்றிவிடும்வரை பூட்டியே இருக்கும். அந்த நேரம் பதினைந்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். நாற்காலியைக் கூட்டுவதைவிட அந்த நேரத்தைக் குறைப்பது மலிவு.

எத்தனை நாற்காலி போதும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. பயன்பாட்டுப் புள்ளிவிவரத்துக்கு உலகம் முழுக்கப் பதிப்பகங்கள் பின்பற்றும் 'கவுண்டர்' என்ற நெறிமுறை இருக்கிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. நாற்காலி நிறைந்ததால் திரும்பியவர்களையும், உரிமமே இல்லாத ஒன்றைத் திறக்கப் பார்த்துத் திரும்பியவர்களையும் அது தனித்தனியாக எண்ணிக் காட்டுகிறது. முதல் எண் ஏறினால் நாற்காலி கூட்ட வேண்டும். இரண்டாவது ஏறினால், மாணவருக்குத் தேவையான இதழ் நம்மிடம் இல்லை என்று பொருள். இந்த அறிக்கையைத் தர முடியாது என்று சொல்லும் விற்பனையாளரிடம் நாற்காலிக் கணக்கில் வாங்காதீர்கள்.

மின்னூல்களிலும் இதே கதைதான். ஒருவர் மட்டும், மூவர் வரை, எல்லாரும் என்று மூன்று விலை இருக்கும். பாடநூலை 'ஒருவர் மட்டும்' விலைக்கு வாங்கிப் பாட அட்டவணையில் போட்டால், வகுப்பில் ஒருவர் படிக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

கூட்டாக வாங்குவது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பத்து வளாகங்கள். பத்தும் ஒரே வாயாகப் பேரம் பேசுகின்றன. 2019 பிப்ரவரியில் எல்செவியர் பதிப்பகத்தோடு பேச்சு முறிந்தபோது பத்து வளாகமும் சேர்ந்தே சந்தாவை விட்டன. 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த இரண்டு ஆண்டும் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், முன்பு பணம் கட்டிய பழைய கட்டுரைகளில் பெரும்பகுதிக்கு நிரந்தர உரிமையை எழுதி வாங்கியிருந்தது. ஒரு வளாகம் தனியாக விலகியிருந்தால் பதிப்பகம் பொருட்படுத்தியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தியாவில் நாடு முழுவதற்குமே ஒரே சந்தா. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். இங்கிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு ஊரில் படிக்கும் உறவினர் இருப்பதால், "அவங்களுக்கு எல்லாமே திறக்குதாமே, அக்கா" என்று கேட்கிறார்கள். அது அரசு நடத்தும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான திட்டம். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து பாடம் நடத்துகிறவர்கள், அந்த மாணவர்களுக்கு அது கிடைக்கும் என்று எண்ணி உரிமத்திலிருந்து அவர்களை விட்டுவிடக் கூடாது.

எங்கள் அளவில் கூட்டு என்றால் நான்கைந்து சிறிய கல்லூரிகள் சேர்ந்து பேசுவது. விலை குறையும், ஒப்பந்தத்தைப் படிக்க நான்கைந்து ஜோடிக் கண் கிடைக்கும். ஆனால் எல்லாருக்கும் பொதுவான தொகுப்பு என்பதால் நமக்கு வேண்டாததும் சேர்ந்து வரும். நடுவில் ஒருவர் விலகினால் மற்றவர்கள் பங்கு ஏறுமா என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். எனக்கு இதில் விருப்பம் இருக்கிறது, ஆனால் இந்த ஆண்டுக்குள் முடிகிற காரியம் இல்லை.

சந்தாவே இல்லாமல், கேட்கும்போது கட்டுரைக்குக் கட்டுரை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. மாதம் நான்கு பேர் கேட்கும் இதழுக்கு அது போதும்.

'தேசிய நூலக வாரியம் இலவசமாகத் தருகிறதே' என்று நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார். உண்மைதான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினராவது இலவசம். வீட்டிலிருந்தே திறக்கும் தரவுத்தளங்கள் நிறைய. தமிழ் படிக்கும் மாணவர்களை நான் முதலில் அனுப்புவதே அங்கேதான். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்களை மின்னிலக்க வடிவில் தேடிப் பார்ப்பதற்கு ஈடில்லை. ஆனால் அங்கேயும் சில வளங்கள் நூலகக் கட்டடத்துக் கணினியில் மட்டும்தான் திறக்கும். அந்த உரிமம் தனிமனிதர் படிப்பதற்கானது. ஒரு கல்லூரி தன் பாடத்திட்டத்தை அதன்மேல் கட்ட முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த இலவச வாசலும் இல்லை.

உள்ளே வரும் வழி

நல்ல உரிமம் வாங்கிவிட்டு மோசமான வாசல் வைத்தால் மாணவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நெடுங்காலமாக இருக்கும் வழி பிராக்ஸி, அதாவது மாணவருக்கும் பதிப்பகத்துக்கும் இடையில் நிற்கும் கல்லூரிக் கணினி. அதில் பெயர் பெற்ற ஈஸிபிராக்ஸி மென்பொருளை 1999-இல் எழுதியவர் கிறிஸ் ஸாகர் என்ற கல்லூரி நூலகர். 2008-இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு அதை வாங்கியது. மாணவர் எங்கிருந்து வந்தாலும், பதிப்பகத்தின் கண்ணுக்குக் கல்லூரிக் கட்டடத்தின் ஐபி முகவரியே தெரியும். எளிது, நம்பகமானது. ஆனால் ஒரு மாணவரின் கடவுச்சொல் திருடு போய், யாரோ ஒருவர் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான பிடிஎஃப்களை இறக்கினால், பதிப்பகத்துக்கு யாரென்று தெரியாது. அந்த முகவரியையே அடைத்துவிடும். விடிந்தால் மொத்தக் கல்லூரிக்கும் கதவு மூடியிருக்கும். எங்களுக்குத் தேர்வு வாரத்தில் இது ஒரு முறை நடந்தது. மூன்று நாள் மின்னஞ்சல் அனுப்பித் திறக்க வைத்தோம்.

பிராக்ஸியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 'சிங்கப்பூருக்குள்' என்று எழுதிய உரிமத்தைப் பிராக்ஸி வழியாக ஜொகூரிலிருந்து திறந்தால் திறக்கும். தளத்துக்குத் தெரியாது. ஒப்பந்தம் மட்டும் மீறப்பட்டிருக்கும், கையெழுத்துப் போட்ட நாம் பொறுப்பு. ஆகவே தளம் திறக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்தச் சொல்லை நீக்கித்தான் ஆக வேண்டும்.

மாணவர் தம் கணினியில் நிறுவும் விபிஎன் என்ற இணைப்பு மென்பொருளும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. மருத்துவமனைக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் எங்கள் தாதிகளுக்கு அது உதவவில்லை.

நான் தேர்ந்தெடுப்பது கூட்டு அடையாள உள்நுழைவு. ஷிபோலெத், ஓப்பன்ஏதென்ஸ் போன்றவை இந்த வகை. மாணவர் பதிப்பகத்தின் தளத்துக்கே போய்த் தன் கல்லூரியைத் தேர்ந்து, வழக்கமான கல்லூரிக் கடவுச்சொல்லைக் கல்லூரியின் பக்கத்தில் போடுகிறார். 'இவர் எங்கள் மாணவர், தாதிமைத் துறை' என்று மட்டும் கல்லூரி சொல்லும். பெயர் போக வேண்டியதில்லை. துறை வாரியாக வாங்கிய உரிமத்தைத் துறை வாரியாகத் திறக்க முடிவது இதில்தான். தவறு நடந்தாலும் ஒருவரின் அடையாளத்தை மட்டும் நிறுத்தலாம். முதல் ஆண்டு தொழில்நுட்பப் பிரிவுக்கு வேலை கூடும். எல்லாத் தளமும் இதற்குத் தயாராக இல்லை என்பதால் பிராக்ஸியையும் கொஞ்ச காலம் வைத்திருக்க வேண்டும்.

தன் கல்லூரிக் கணக்கை வைத்தே வேறு பல்கலைக்கழகங்களிலும் இணைய உதவும் எடுரோம் வைஃபை பற்றி ஒரு வார்த்தை. வேறொரு பல்கலைக்கழகத்தில் எடுரோமில் இணைந்திருக்கும் மாணவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரிதான் கிடைக்கும். நம் சந்தா அங்கே தானாகத் திறக்காது. இதை மாணவர்களுக்கு ஆண்டு தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் புகார்கள் குறையும்.

கையெழுத்துக்கு முன்

'அனுமதிக்கப்பட்ட பயனர்' யார் என்ற பத்தியை உரக்கப் படியுங்கள். பகுதிநேரம், தொலைதூரம், ஒப்பந்த விரிவுரையாளர், நேரில் வந்து படிக்கும் வெளியாள் எல்லாம் அதில் இருக்கிறார்களா? எங்கள் பட்டங்களில் ஒன்றை வழங்குவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அங்குள்ள நூலகம் எங்கள் மாணவர்களுக்கும் கணக்குக் கொடுக்கிறது. ஆனால் அவர்கள் வாங்கிய சில உரிமங்களில் பங்காளி நிறுவனத்தில் படிப்பவர் சேர்க்கப்படவில்லை. இருபக்கமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்ததில் நடுவில் விழுந்தவர்கள் மாணவர்கள்.

பாடத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் பாருங்கள். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்ற வணிக இதழை ஒரு தரவுத்தளம் வழியாக வாங்கினால், தனிப்பட்ட வாசிப்புக்கு மட்டும்தான். பாடப் பட்டியலில் நிரந்தர இணைப்புப் போடத் தனி அனுமதி வேண்டும் என்று அதிலேயே குறிப்பு இருக்கும். வணிகவியல் நடத்தும் விரிவுரையாளர் பலருக்கு இது தெரிவதில்லை.

தரவுப் பகுப்பாய்வை, அதாவது நிறையக் கட்டுரைகளைக் கணினியால் ஒருசேர ஆராய்வதை, தடுக்கும் வாசகம் பல ஒப்பந்தங்களில் வருகிறது. 2021 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், முறையாக அணுகக் கிடைத்த படைப்புகளைக் கணினி வழியாகப் பகுப்பாய்வு செய்ய இடம் தருகிறது. அந்த விலக்கை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. எனவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற பிரிவில் சிங்கப்பூரைக் கேளுங்கள். விலைப்புள்ளி அமெரிக்க டாலரில் வரும். 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வைத்து எங்கள் நிர்வாகத்துக்கு நான் எழுதியிருக்கும் பரிந்துரை இது. பொதுவான பெரிய தொகுப்பு ஒன்றைத் தலைக் கணக்கில், சமன் எண்ணோடு, 'கல்லூரியில் பதிவு செய்த எவரும், எந்த நாட்டிலிருந்தும்' என்ற சொற்களோடு வாங்குவது. தாதிமைத் தளத்தை நாற்காலிக் கணக்கில் எட்டு என்று தொடங்கி, முதல் பருவத்துக் கவுண்டர் அறிக்கையைப் பார்த்துக் கூட்டுவது. வளாக முகவரி எந்த ஒப்பந்தத்திலும் வேண்டாம். விலையைக் குறைக்க எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் இதழ்களின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம், பயனர் விளக்கத்தில் மட்டும் கூடாது.

இரண்டு விற்பனையாளர்கள் ஒரு மாதச் சோதனைக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக அதை நூலக மேசையில் உட்கார்ந்து நாங்களே சோதிப்போம். இந்த முறை இரண்டு கணக்கையும் முதலில் அந்தத் தாதியிடம் கொடுத்தேன். நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு முன்பு பதில் வந்தது: "அக்கா, முதல் தளம் திறந்துடுச்சு, பிடிஎஃப் இறங்கிடுச்சு. ரெண்டாவது இன்னும் காசு கேக்குது."